நுரையீரலில் முளைத்து விரலில் தெரியும் வியாதி

சங்கக் கணக்குகளைச் சரிபார்க்கையில் ரொக்கப் புத்தகத்தில் ஒரு தொகை உதைக்குமானால், பிழை அந்தப் புத்தகத்திலேயே இருக்க வேண்டும் என்ற நியதியில்லை. சரக்குப் பதிவேட்டிலோ, கடன் பேரேட்டிலோ அது தோன்றியிருக்கலாம். தேகத்தின் வியாதிகளிலும் இத்தகையவை உண்டு. அவற்றுள் ஒன்றை அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் நலம் எனக் கருதி இதனை எழுதுகிறோம்.

ஒரு நெசவாளர் சங்கத்திற்குத் தணிக்கைக்காக நாம் சென்றிருந்தபோது, ஐம்பது வயது கடந்த அங்கத்தினர் ஒருவர் வலக்கைப் பெருவிரலில் எலுமிச்சம்பழத்தைச் செருகிக்கொண்டு வந்திருந்தார். நாடா பட்டு நகச்சுற்று வந்துவிட்டது என்றார். மூன்று மாதங்களாகியும் வீக்கம் வடியவில்லை; கீறிப் பார்த்தும் சீழ் வரவில்லை. பின்னர் எக்ஸ்ரே எடுத்ததில் விரல் நுனியின் எலும்பு அரிக்கப்பட்டிருந்தது. ஐயுற்ற வைத்தியர் மார்பையும் படம் பிடிக்கச் செய்தார். நுரையீரலில் கட்டி இருந்தது. அவர் நெடுநாள் பீடி பிடித்தவர், இருமலும் இருந்தது. “பஞ்சுத் தூசியால் வந்த இருமல் என்று இருந்துவிட்டேன். அதற்கும் விரலுக்கும் என்ன சம்பந்தம், ஐயா?” என்று அவர் நம்மைக் கேட்டார். நியாயமான கேள்வியே.

சம்பந்தம் இரத்த ஓட்டத்தில் இருக்கிறது. குடலில் தோன்றும் புற்றின் அணுக்கள் இரத்தத்தில் கலந்தால், அவை பெரும்பாலும் முதலில் கல்லீரலைச் சென்றடைகின்றன. நுரையீரலின் நிலை வேறு. அங்கிருந்து புறப்படும் இரத்தம் நேரே இருதயத்தின் இடப்பாகத்தை அடைந்து, தமனிகளின் வழியே உச்சி முதல் உள்ளங்கால் வரை செல்கிறது. ஆகவே அங்குப் பிறந்த புற்று அணுக்களுக்கு உடலெங்கும் வழி திறந்திருக்கிறது. மூளை, எலும்பு, கல்லீரல், சிறுநீரகத்தின் மேலுள்ள சுரப்பி ஆகியவை அவை வழக்கமாகத் தங்கும் இடங்கள்.

ஆயினும் விழுந்த இடத்திலெல்லாம் அவை முளைப்பதில்லை. லண்டனில் அறுவை வைத்தியராயிருந்த ஸ்டீபன் பேஜட் என்பவர், மார்பகப் புற்றினால் இறந்த 735 பெண்களின் விவரங்களை ஆராய்ந்து 1889இல் வெளியிட்டார். கல்லீரலில் 241 பேருக்குப் புற்று பரவியிருக்க, மண்ணீரலிலோ 17 பேருக்கே பரவியிருந்தது. இரத்தம் இரண்டிற்கும் தாராளமாகவே செல்கிறது. எனவே விதை எங்கும் சிதறினும், ஏற்ற நிலத்திலேயே முளைக்கும் என்று அவர் முடிவு கூறினார். பயிரிடும் நம் அங்கத்தினர்களுக்கு இதனை மேலும் விளக்க வேண்டுவதில்லை. 1928இல் அமெரிக்காவின் ஜேம்ஸ் யூயிங், இரத்த ஓட்டத்தின் போக்கே காரணமென வாதித்தார். வழியும் வேண்டும், நிலமும் வேண்டும் என்பதே இன்றைய கருத்து.

அரிதாக, எதிர்பாராத நிலத்திலும் விதை முளைத்துவிடுகிறது. விரல் நுனி எலும்பு அத்தகைய இடம். எலும்புக்குப் பரவும் புற்றுகளில் கை கால் நுனிகளை அடைவது சுமார் ஆயிரத்தில் ஒன்றே. ஆனால் கையை அடைபவற்றுள் மிகுதியானவை நுரையீரலிலிருந்து வந்தவை. தலைத்தோலிலோ மார்பின் தோலிலோ வலியற்ற கெட்டியான முடிச்சு, ஈறில் சதை வளர்ச்சி, கண்ணின் உட்படலத்தில் பரவியதால் பார்வை மங்கல், தசையில் கட்டி, சிறுகுடலில் இரத்தக் கசிவு, இருதயத்தைச் சூழ்ந்த பையில் நீர் சேர்தல் ஆகிய வடிவங்களிலும் இது வெளிப்பட்டதுண்டு. சிலரிடம் இருமல் தோன்றுமுன்னரே இவை தோன்றுகின்றன.

இதனால் நகச்சுற்று வந்தோர் யாவரும் அஞ்ச வேண்டுவதில்லை. நூற்றுக்கு நூறு என்னுமளவிற்கு அவை சாதாரணமானவையே. ஆனால் உரிய சிகிச்சை செய்தும் சில வாரங்களில் ஆறாத வீக்கத்தையும், வளர்ந்துவரும் முடிச்சையும் வைத்தியரிடம் காட்ட வேண்டும். காட்டும்போது இருமல், சளியில் இரத்தம், உடல் மெலிவு, புகைப் பழக்கம் ஆகியவற்றை அவர் கேளாவிடினும் நாமே சொல்ல வேண்டும். காச நோய் மருந்தில் குணப்படாத இருமலையும் மீண்டும் சோதிக்கச் செய்தல் அவசியம்.

இப்பரிசோதனையால் பயன் என்ன எனலாம். விரலில் முளைத்தாலும் அது நுரையீரல் புற்றே. அதற்குரிய மருந்தே வேண்டும். கட்டியிலிருந்து சிறு துணுக்கு எடுத்துச் சோதித்தால் அதன் வகை தெரியும். சில வகைகளுக்கு, குறிப்பாகப் புகைபிடியாதோரிடம் மிகுதியாகக் காணப்படும் ஒரு வகைக்கு, வாய்வழி உட்கொள்ளும் மாத்திரைகளே இன்று உள்ளன. பரவிய வியாதியைப் பெரும்பாலும் முற்றிலும் களைய முடியாதெனினும், ஆயுளை நீட்டிக்கலாம். எலும்பின் வலியைக் கதிர்வீச்சினால் தணிக்கலாம். தாமதித்தால் இவையும் கைநழுவும்.

புகைக்கும் நுரையீரல் புற்றுக்கும் உள்ள தொடர்பை இங்கிலாந்தில் டாலும் ஹில்லும் 1950இலேயே எடுத்துக்காட்டினர். பீடியும் இதற்கு விலக்கன்று. அதனை விட்டொழிப்பதே முதற் காப்பு.

மேற்சொன்ன அங்கத்தினருக்கு மூன்று மாதங்கள் எலுமிச்சம்பழத்தில் கழிந்தன. அவர் கேட்ட கேள்விக்குரிய விடையை ஏனையோராவது முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டுமென்பதே நமது விருப்பம்.