ஒரே ஒரு பாயின்ட்!



"தோத்தாச்சு, விடுடா மச்சான்!" போன பொங்கல் லீவில், காணையில் அறுப்பு முடிந்த வயலில் நடந்த ஃபுட்பால் மேட்ச்சில் நான் உதிர்த்த பொன்மொழி இது. நாங்கள் ஒரு கோல் பின்தங்கியிருந்தோம். இன்னும் பத்து நிமிஷம் பாக்கி. அந்தப் பத்து நிமிஷமும் சும்மா நடந்தோம். அது எவ்வளவு பெரிய தப்பு என்பதை விளக்கத்தான் இந்தக் கட்டுரை.

நாக்-அவுட் போட்டியில் ஒரு ஆட்டம் தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். லீக் அப்படியில்லை. ஜெயித்தால் 3 பாயின்ட், டிரா என்றால் 1, தோற்றால் பூஜ்யம். எல்லா ஆட்டமும் முடிந்த பிறகே கணக்கு. ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக்கிலும் 2024-25 பருவம் முதல் 36 அணிகளை ஒரே பட்டியலில் போட்டு, முதல் சுற்றில் தலா 8 ஆட்டம் ஆட வைக்கிறார்கள்.

அவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும்? நம்ம கோயம்புத்தூரையே பாருங்கள். 2018-19 ஐ-லீக்கில் 11 அணிகள்; ஒவ்வொன்றுக்கும் 20 ஆட்டம். கோவை நேரு ஸ்டேடியத்தைச் சொந்த மைதானமாகக் கொண்டு ஆடியது சென்னை சிட்டி. பயிற்சியாளர் சிங்கப்பூரின் அக்பர் நவாஸ். பெட்ரோ மன்சி மட்டும் 21 கோல்! எட்வின் சிட்னி வான்ஸ்பால் போன்ற நம்ம ஊர்ப் பிள்ளைகளும் அணியில் இருந்தார்கள்.

2019 மார்ச் 9, கடைசி நாள். சென்னை சிட்டிக்கு 40 பாயின்ட், கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்காலுக்கு 39. கோவையில் மினர்வா பஞ்சாப் ஆரம்பத்திலேயே கோல் போட்டுவிட்டது. அதே நேரம் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் 2-1 என்று ஜெயித்தது. ஆனால் நம்மவர்கள் "விடுடா" என்று சொல்லவில்லை. இரண்டாம் பாதியில் மன்சி பெனால்டியில் சமன் செய்தார். கௌரவ் போரா இரண்டு கோல் அடித்தார். 3-1!

இப்போது கணக்கைப் பாருங்கள்.

சென்னை சிட்டி: வெற்றி 13, டிரா 4, தோல்வி 3. மொத்தம் 43.
ஈஸ்ட் பெங்கால்: வெற்றி 13, டிரா 3, தோல்வி 4. மொத்தம் 42.

வெற்றி இருவருக்கும் ஒன்றே! கோப்பையைக் கொடுத்தது தோல்வியாகாமல் காப்பாற்றிய ஒரு டிரா. ஐ-லீக் பட்டம் தமிழ்நாட்டுக்கு வந்தது அதுவே முதல் முறை.

எங்கள் காணைக் கதை? ஐந்து அணி, தலா நாலு ஆட்டம். முதலிடத்துக்கு 8 பாயின்ட், எங்களுக்கு 7. அன்று ஒரு கோல் திருப்பியிருந்தால் நாங்களும் 8. கோல் வித்தியாசத்தில் கப்பு எங்களுக்கே! கடைசிப் பத்து நிமிஷத்தை நான்தான் "விடுடா" என்று விட்டேன்.

நண்பர்களே, அரியர் பேப்பருக்கும் இதே கணக்குதான். ஜெயிக்க முடியாத அன்றைக்கும் தோற்காமல் இருக்கப் பாருங்கள். அந்த ஒரு பாயின்ட் எங்கே போய் உதவும் என்று அன்றைக்குத் தெரியாது!