மணலை ஒட்டும் புழு: ஏன்? எப்படி?

மும்பையில், ஓதம் இறங்கியதும் பாந்த்ராவின் கரும்பாறைகள் வெளியே தெரியும். குழாய் கட்டும் புழுக்கள் இத்தகைய பாறைகளில் வாழ்பவை. அவற்றுள் சபெல்லாரிடே குடும்பம் மணலாலேயே தேன்கூடு போன்ற திட்டுகளைக் கட்டுகிறது. அலை மோதும் இடத்தில் மெல்லுடல் புழு ஏன் வீடு கட்ட வேண்டும்? அந்த அலைதான் மணலையும் இரையையும் மிதக்க வைத்துக் கொண்டுவருகிறது என்பதே என் விடை. உணரிழைகள் இரண்டையும் பிடிக்கின்றன. வாயருகே உள்ள உறுப்பு தகுந்த மணலைத் தேர்ந்து, புரதப் பசையைப் புள்ளி புள்ளியாக இட்டு ஒட்டுகிறது. நீருக்குள் பசை எப்படி இறுகும்? சுரப்பியில் அது அமிலத்தன்மையோடு இருக்கிறது. சற்றே காரமான கடல்நீரைத் தொட்டதும் சுமார் 30 நொடியில் கெட்டியாகிறது. கலிஃபோர்னியக் கரையின் இனத்தில் இதை நுணுக்கமாக ஆராய்ந்திருக்கிறார்கள்.

நெருங்கி வாழ்ந்தால் இரைக்குப் போட்டி வராதா என்று கேட்கலாம். வரும். ஆனால் தனிக்குழாயை அலை எளிதில் உடைத்துவிடும். ஒட்டிய சுவர்கள் தாங்கும். அதனால்தான் இளம்புழு, மூத்தவற்றின் பசையை அறிந்து அங்கேயே குடியேறுகிறது. ஓதம் இறங்கினால் தலையிலுள்ள முட்கிரீடம் குழாய்க்கு மூடியாகி, ஈரத்தைக் காக்கும். வால் மடிந்து மேல்நோக்கி வருவதால் கழிவும் வாசல்வழியே வெளியேறும். இவை பாறையைத் துளைப்பதில்லை. நண்டுக்கும் நத்தைக்கும் இடுக்குகள் தருகின்றன. பாறைக்கரையில் நடக்கும்போது இந்த மணல் திட்டுகளை மிதிக்காதீர்கள்.