உங்களுக்குத் தெரியுமா? – களிம்புக்கு மசியாத புண்

1874-ல் லண்டன் செயின்ட் பார்த்தலோமியூ மருத்துவமனையின் அறுவை மருத்துவர் ஜேம்ஸ் பேஜெட், 15 பெண்களைப் பற்றிச் சிறு கட்டுரை ஒன்றை வெளியிட்டார். எல்லோருக்கும் முலைக்காம்பில் கரப்பான் போல் ஒரு புண்: சிவந்து, கசிந்து, பொருக்குத் தட்டி, எதற்கும் ஆறாமல். அவர் தொடர்ந்து கவனித்த ஒவ்வொருவருக்கும், அதிகம் போனால் இரண்டே ஆண்டுகளில், அதே மார்பகத்துக்குள் புற்றுநோய் வந்தது. அந்தப் புண்ணுக்கு இன்று பேஜெட் நோய் என்று பெயர். எலும்பு நோய் ஒன்றுக்கும் அவர் பெயர்தான். இரண்டுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை.

சாதாரணக் கரப்பானையும் இதையும் எப்படிப் பிரிப்பது? கரப்பான் பெரும்பாலும் இரண்டு பக்கமும் வரும். காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தில் தொடங்கும். பேஜெட் அநேகமாக ஒரு பக்கம்தான் வரும். காம்பின் நுனியிலேயே தொடங்கி வட்டத்துக்குப் பரவும். ஆனால் கண் பார்வையை மட்டும் நம்பி யாரும் முடிவு சொல்வதில்லை. ஸ்டீராய்டு களிம்பு தடவினால் பேஜெட்கூடச் சில நாள் அடங்கினாற்போல் இருக்கும். ஏமாறுவது அங்கேதான். ஆகவே, இரண்டு மூன்று வாரத்தில் ஆறாத காம்புப் புண் என்றால், மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு மூன்று நான்கு மில்லிமீட்டர் அகலத்துக்குத் தோலைத் துளைத்தெடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். கட்டி கையில் தட்டுப்படாவிட்டாலும் மேமோகிராம் உண்டு. ஆண்களுக்கும் அரிதாக இந்த நோய் வரும்.

மார்பகத் தோல் ஆரஞ்சுத் தோல்போல் குழிகுழியாகத் தடித்திருந்தால்? தோலுக்குள் நிணநீர் ஓடும் நுண்குழாய்கள் அடைபட்டிருக்கலாம். நீர் கோத்துத் தோல் உப்பும். மயிர்க்கால் உள்ள இடங்கள் மட்டும் உப்ப முடியாமல் பள்ளமாக நிற்கும். அடைப்பது புற்றணுக்களாக இருந்தால் அது அழற்சிவகை மார்பகப் புற்றுநோய். இதில் பல நேரம் கட்டியே இருக்காது. சிவப்பு, சூடு, வீக்கம் மட்டும்தான். பார்த்தால் பால் கட்டிச் சீழ் பிடித்தது மாதிரியே தெரியும். அதனால் முதலில் ஆன்டிபயாடிக் கொடுப்பதில் தவறில்லை. பத்து நாளிலும் சிவப்பு வடியவில்லை என்றால் மாத்திரையை மாற்றிப் பார்ப்பதல்ல வழி, ஸ்கேனும் பயாப்சியும்தான்.

மருத்துவர் கையைத் தூக்கச் சொல்வதும், இடுப்பில் ஊன்றி அழுத்தச் சொல்வதும், முன்னால் குனியச் சொல்வதும் எதற்கு? மார்பகத்தைத் தோலோடு கட்டி வைத்திருக்கும் நார்களை உள்ளே ஏதாவது இழுத்தால், அசையும்போது அங்கே தோல் குழிவிழும்.

மார்பின் குறுக்கே கயிறு போல் திடீரென ஒரு வலிக்கோடு தோன்றினால் தோலடி ரத்தக்குழாயில் உறைவு ஏற்பட்டிருக்கலாம். இதை 1939-ல் விவரித்த பிரெஞ்சு அறுவை மருத்துவர் ஆன்றி மோந்தோர் பெயரால் இந்த நோய் வழங்குகிறது. பெரும்பாலும் சில வாரத்தில் தானே கரையும். ஆனாலும் உள்ளே வேறு காரணம் இல்லையென்று ஒரு தடவை படம் எடுத்துப் பார்த்துவிடுவார்கள்.

மார்பகத்துக்கு அடிமடிப்பில் வரும் வேர்வைப் புண் நம் ஊர் வெயிலில் யாருக்கும் புதிதல்ல. சிவப்பைச் சுற்றிக் குட்டிக் குட்டிப் புள்ளிகள் சிதறியிருந்தால் கேண்டிடா பூஞ்சை. செதிலைச் சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு நுண்ணோக்கியில் பார்த்தால் பூஞ்சை இழை தெரியும். உட்ஸ் விளக்கின் புறஊதா ஒளியில் பவளச் சிவப்பாக மின்னினால் அது பாக்டீரியா. மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் 'எல்லாம் கலந்த' களிம்பில் ஸ்டீராய்டும் இருக்கும். அது படர்தாமரையின் வட்ட விளிம்பையே அழித்து, மருத்துவரையும் திண்டாட வைக்கும்.

காம்பைச் சுற்றி இரவில் மட்டும் பிய்த்தெடுக்கிற அரிப்பா? வீட்டில் மற்றவர்களும் சொறிகிறார்களா என்று பாருங்கள். சிரங்குப் பூச்சிக்குப் பிடித்த இடங்களில் அதுவும் ஒன்று. மருந்து வீட்டில் எல்லோருக்கும் ஒரே நாளில்.

கருவட்டத்தில் உள்ள சிறு மொட்டுகள் பருக்கள் அல்ல. 1837-ல் அயர்லாந்து மகப்பேறு மருத்துவர் மாண்ட்கோமரி விவரித்த எண்ணெய்ச் சுரப்பிகள். கர்ப்பத்தில் பெரிதாகும், கிள்ளிப் பிதுக்காதீர்கள்.

அக்குளிலிருந்து தொடையிடுக்கு வரை கருவில் ஒரு பால்கோடு ஓடும். அது முழுதாக மறையாவிட்டால் மார்பகத்துக்குக் கீழே இன்னொரு குட்டிக் காம்பு தங்கிவிடும். மச்சம் என்றே பலரும் நினைத்திருப்பார்கள். பிள்ளை பெற்ற சில நாளில் அந்த மச்சத்தில் பால் கசிவதைப் பார்த்துத் திகைத்தவர்களும் உண்டு.