பஞ்சு தின்னும் கம்ப்யூட்டர்!

எங்க பனியன் கம்பெனியின் பழைய டிராபேக் கணக்கெல்லாம் ஒரு கிழட்டு பென்டியம் 4-க்குள்ளேதான் கிடக்கு. ஆடிட்டர் வந்த அன்னிக்குப் பார்த்து, பொட்டுனு அணைஞ்சுது!

"வைரஸுங்க!" என்றார் மேனேஜர்.

கழற்றினால், பிராசஸர் மேலிருக்கும் அலுமினியத் தகடுகளுக்கு நடுவே கட்டிங் செக்‌ஷன் பஞ்சு, மெத்தை மாதிரி! 2004-ல் வந்த 'பிரெஸ்காட்' ரகத்தில் சில, முழு வேலையில் 100 வாட்டைத் தாண்டும். குண்டு பல்புக்குக் கம்பளி போர்த்தினா? சிப் முதலில் வேகத்தைக் குறைக்கும். அப்புறம் 'ஆளை விடுங்க சாமி'னு படுத்துடும்.

பிளக்கைப் பிடுங்கி, ஃபேனை விரலால் அழுத்திக்கிட்டு (தாறுமாறாச் சுத்தினா பேரிங் காலி) புளோயர் அடிச்சேன். காய்ந்த பேஸ்ட்டைத் துடைத்து, பட்டாணியளவு புதுசு வெச்சேன். சாயங்காலத்துக்குள் கணக்கு மொத்தமும் பென் டிரைவுக்கு வந்தாச்சு.

மேனேஜர் இன்னும் ஆன்ட்டி வைரஸுக்குக் கொட்டேஷன் கேட்டுட்டிருக்கார்.