வர்ம அடியும் காய்ச்சற்கட்டியும்

(தொடர் – 9)

சென்ற வாரம் சிலம்படியின் காலடி முறைகளோடு நிறுத்திக்கொண்டேன். அவற்றைக் கற்கப் போகும் எந்தச் சிறுவனும் முதல் வாரத்திலேயே கேட்டுவிடும் கேள்வி, தொட்ட மாத்திரத்தில் ஆளைச் சாய்க்கும் வர்ம அடி மெய்தானா என்பதே.

நானும் கேட்டேன். வன்னியிலுள்ள துணுக்காயில், கோயில் வீதியிலே மாலைவேளைகளில் எங்களுக்குக் கம்பு பழக்கிய கிழவர், வாயிலிருந்த வெற்றிலையை நிதானமாகத் துப்பிவிட்டு, என் இடப்பக்க விலாவின் கீழே இரண்டு விரல்களை வைத்து மெல்ல அழுத்தினார்.

"தம்பி, இதில ஒரு தட்டுத் தட்டினா மூண்டாம் நாள் ஆள் இல்லை."

"நீங்கள் அடிச்சிருக்கிறியளோ, அப்பு?"

"நானோ? சீச்சீ! என்ர வாத்தியார் அடிச்சவர். காய்ச்சல் கிடந்து எழும்பி வந்து சண்டைக்கு நிண்டவன். மூண்டாம் நாள் போட்டான்."

இத்தகைய அடியை அறிந்தவர் எப்போதும் முந்திய தலைமுறையினராகவே இருப்பது விசித்திரந்தான்.

மனித தேகத்தில் 107 மர்மஸ்தானங்களை எண்ணி, அவற்றுள் 19 உடனே உயிர்போக்குவன, 33 காலந்தாழ்த்திக் கொல்வன என்று சுசுருத சங்கிதை வகுத்தது, சத்திர வைத்தியன் தன் கத்தியை எங்கே வைக்கலாகாது என்று எச்சரிப்பதற்காகவும் ஆகும். குமரி மாவட்டத்து ஆசான்மார் எண்ணும் 108 வர்மங்களில் உயிருக்கே ஆபத்தான படுவர்மம் 12, அத்தனை கொடியதல்லாத தொடுவர்மம் 96. அங்கும் அடிக்கும் கையே அடிபட்டவனை மீட்கும் இளக்குமுறையும் கற்றிருக்கவேண்டும். இவை யாவும் கதைசொல்லிகளின் கைக்கு வந்தபோது வைத்தியம் உதிர்ந்து மரணம் மாத்திரம் எஞ்சிற்று. 1973 ஜூலை 20ஆம் திகதி ஹொங்கொங்கில் புரூஸ் லீ மூளைவீக்கத்தால் இறந்தபோதுகூட, யாரோ என்றோ கொடுத்த இரகசிய அடியே காரணமென்று வதந்தி உலாவியது.

ஆயினும் கிழவர் பொய் சொன்னாரென்று நான் கருதவில்லை. அன்று நான் கவனியாது விட்டவை, "காய்ச்சல் கிடந்து எழும்பி" என்ற சொற்களே. 1934–35இல் இலங்கையில் ஏறத்தாழ 80,000 பேரைக் கொண்டுபோன மலேரியா, தென்மேற்கு மக்களுக்குத் திடீரென வந்த கொள்ளைநோய். வன்னியிலோ அது மாரிதோறும் வீட்டுக்கு வரும் பழைய விருந்தாளி. இருநூறு கிராமுக்குள் அடங்கி விலாவுக்குள்ளே மறைந்திருக்கவேண்டிய மண்ணீரல், காய்ச்சல் திரும்பத் திரும்ப வந்தவனுக்கு ஒரு கிலோவையும் கடந்து பருத்து, தொப்புளை நோக்கி இறங்கி, மேலுறை இழுபட்டு நிற்கும். அதைத்தான் காய்ச்சற்கட்டி என்றார்கள். அந்த வயிற்றில் விழும் அற்ப அடியும் மண்ணீரல் கிழியப் போதும். சில வேளைகளில் உறைக்குள்ளேயே இரத்தம் தேங்கி, அடிபட்டவன் எழுந்து நடந்து வீடு சென்று, சில நாட்களின் பின் அவ்வுறை வெடித்து இறப்பதுமுண்டு. அவன் தவணை வைத்துக் கொல்லப்பட்டான் என்று ஊர் நம்பியதில் வியப்பென்ன? இலங்கையில் மலேரியா ஒழிந்ததென 2016இல் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. இன்றைய துணுக்காய்ப் பிள்ளையின் விலாவில் அந்த இரண்டு விரல்கள் தேடினாலும் அந்தக் கட்டி அகப்படாது.

இத்தகைய மண்ணீரல் மரணம் அக்காலத்தில் நீதிமன்றமும் ஏறியது. ஆக்ராவில் ஃபுல்லர் என்ற ஆங்கில வழக்கறிஞர், வண்டியடிக்கு வரத் தாமதித்த குதிரைக்காரனை அடிக்க, மண்ணீரல் பருத்திருந்த அந்த ஏழை சற்றுநேரத்தில் இறந்துபோனான். விதிக்கப்பட்ட தண்டம் 30 ரூபாய். அது போதாதென்று 1876இல் வைசிராய் லிட்டன் கண்டித்தெழுதியது பெருஞ் சர்ச்சையாயிற்று. கிழவரின் வாத்தியார்மீது வழக்கெதுவும் இல்லை. அவருக்குக் கிடைத்தது கீர்த்தி.