கம்ப்யூட்டருக்கு ஒட்டுப்பால் தெரியுமா?

தோட்டத் தோழர்களே, வாசித்துப் படிப்பது நம்ம பிள்ளைகள் மட்டுமல்ல. கம்ப்யூட்டரும் இப்போது வாசித்தே தமிழ் படிக்கிறது.

2023-ல் ‘ஏஐ சிங்கப்பூர்’ அமைப்பு ‘சீ லயன்’ என்ற ஒன்றை வெளியிட்டது. (நம்ம லயன் வீடு இல்லை, கடல் சிங்கம்!) தமிழ் உட்பட 11 மொழிகள் அதற்குப் பாடம். அந்த டிசம்பரிலேயே இவ்வட்டார மொழி முயற்சிகளுக்கு 7 கோடி வெள்ளி ஒதுக்கினார்கள்.

வாத்தியார் யார்? பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர ஆள் கிடையாது. இணையத்தில் கிடக்கும் எழுத்தையெல்லாம் வாரிக் கொட்டுகிறார்கள். ஒரு வரியில் பாதியைக் காட்டி, அடுத்த சொல்லை ஊகிக்க விடுகிறார்கள். ‘கோழி கூவிப் பொழுது’ என்றால் ‘விடிந்தது’ வரவேண்டும். தப்பினால் உள்ளே இருக்கும் கணக்கைத் திருத்திக்கொண்டு மறுபடியும் ஊகம். இப்படியே கோடிக்கணக்கான முறை.

சங்கடம் இங்கேதான். எழுத்தில் வந்ததுதான் அதற்குப் பாடம். தேக்கா சந்தையில் காதில் விழுகிற பேச்சே எழுத்தில் கொஞ்சம்தான். அப்படியிருக்க, பெரட்டு, மங்கு, ஒட்டுப்பால் என்று நாம் வாயிலேயே வைத்திருக்கும் சொற்களின் கதி? தெரியாததைத் தெரியாது என்னாமல் அடித்துவிடும் பழக்கமும் அதற்கு உண்டு. ஒட்டுப்பாலை ஆட்டுப்பாலுக்கு அக்காள் என்று சொன்னாலும் நாங்கள் ஆச்சரியப்பட மாட்டோம்.

விக்சனரி என்ற இணைய அகராதியில் யார் வேண்டுமானாலும் சொல்லும் பொருளும் சேர்க்கலாம், காசு இல்லை. பாட்டி சொல்லச் சொல்லப் பேரப்பிள்ளை போனில் தட்டட்டும். முதலில் ஒட்டுப்பால்.