பேரத்திலும் வாய்மை வேண்டும்

புதிய கார் வாங்கச் செல்லும் அன்பர்களே! பேரம் பேசுதல் இழிவன்று. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பயணமொன்றில் ஜாபிர் (ரலி) அவர்களின் ஒட்டகத்தை விலை பேசி வாங்கினார்கள். மதீனா சேர்ந்ததும் விலையைக் கொடுத்து, ஒட்டகத்தையும் அவரிடமே திருப்பி அளித்தார்கள். விலை பேசுவதும் தாராள மனமும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

ஆயினும், எதில் பேரம் பேசலாம் என்பதை அறிதல் வேண்டும். ஷோரூம் விலையில் அடங்கிய ஜி.எஸ்.டி.யும், சாலை வரியும், பதிவுக் கட்டணமும் அரசுக்குச் சேர்பவை. அவற்றை விற்பனையாளர் குறைக்க இயலாது. 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கான ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. இக்குறைப்பையே தமது தள்ளுபடியென எவரேனும் காட்டினால் ஏமாறாதீர்கள்.

விற்பனையாளரின் தள்ளுபடி, துணைப் பொருள்கள், 'ஹேண்ட்லிங்' கட்டணம், பழைய காரின் மாற்று விலை ஆகியனவே பேச்சுக்குரியவை. இன்சூரன்ஸை அவர்களிடமே எடுக்க வேண்டுமென்னும் கட்டாயமில்லை. ஒவ்வொன்றையும் தனித்தனியே எழுதி வாங்கி, இரண்டு மூன்று இடங்களில் ஒப்பிடுங்கள். ஆண்டிறுதியில் தள்ளுபடி மிகுதியாகக் கிடைக்கலாம். ஆனால் ஜனவரி பிறந்ததும் அந்தக் கார் சென்ற ஆண்டின் தயாரிப்பாகிவிடும் என்பதையும் கணக்கிற் கொள்ளுங்கள்.

வாங்குபவருக்கும் கடமையுண்டு. பிற கடையில் கேளாத விலையைக் கேட்டதாகக் கூறலாகாது. மாற்றிக் கொடுக்கும் பழைய காரின் பழுதை மறைக்கலாகாது. பொய்யால் மிச்சப்பட்ட பணம் பையில் இருக்கும், பரக்கத் இராது. நியாய விலை என்பது இரு தரப்பும் உண்மை பேசிச் சேர்ந்த விலையே.